சாது என்று சொல்லி விற்பார்கள்

செல்லப் பறவைக் கடைகளில் ஒரு சின்ன வித்தை உண்டு. வாங்க வந்தவர் தயங்கினால் கடைக்காரர் கூண்டுக்குள் கையை விடுவார். உள்ளே இருக்கும், லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் குருவிகளெல்லாம் நாலாபக்கமும் சிதற, ஒன்றைப் பிடித்து வெளியே எடுத்து, வந்தவரின் உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பார். அது அசையாது. "பாருங்கள் அக்கா, எவ்வளவு சாது! கடிக்கவே கடிக்காது" என்பார். குழந்தைகள் குதிக்கும், பணம் கைமாறும். வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அதே சாது கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலை நீட்டினால் ரத்தம் வரக் கடிக்கும்.

கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவரும் அதைச் சாதுத்தனம் என்றே நம்புகிறவராக இருக்கலாம். ஆனால் கையில் கிடந்த அந்தக் குருவி செய்தது, வல்லூறின் காலில் சிக்கிய சிறு பறவை செய்வதைத்தான். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் உடல் விறைத்துப் போகிறது. குருவியைத் துண்டால் பிடித்து மார்போடு அணைத்து, அது துடிப்பதை நிறுத்தும்வரை விடாமல் வைத்திருந்து, பிறகு "பழகிவிட்டது" என்று காட்டும் வீடியோக்களும் இதே ரகம். பயந்து அடங்கிய குருவியும் பயம் போன குருவியும் தூரத்துப் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். குருவி வளர்ப்பில் எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதம், இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

நான் சொல்வது பட்ஜியைப் பற்றி. முழுப்பெயர் பட்ஜெரிகர். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். அந்தப் பெயருக்கு உரிய கிளி ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அது வேறு. பட்ஜி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலங்களில் வாழும் சிறு கிளி. எடை முப்பது நாற்பது கிராம். 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு வளர்ப்பவர்கள் நீலம், வெள்ளை, சாம்பல் என்று நிறம் நிறமாக உருவாக்கிக்கொண்டார்கள். காட்டில் பறப்பது பச்சை உடம்பும் மஞ்சள் முகமும் கொண்டதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் பலர் குழம்புகிறார்கள். கழுத்தில் வளையம் போட்ட நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆண்டாளின் தோளில் இருக்கிறது, மீனாட்சியின் கையில் இருக்கிறது என்றெல்லாம் வாதாட முடியாது. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூரில் வேட்பாளர் ஒருவருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவர் மீது வனத்துறை நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கலாம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை; தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வருவது. அதை வளர்க்கத் தடையில்லை.

ஆனால் எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் அதன் மூளைக்குள் இருக்கும் நிலம் மாறவில்லை. அங்கே அது ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்து, மழை பெய்த இடத்தைத் தேடிப் பறந்து, தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கித் தின்கிறது. வல்லூறு மேலிருந்து விழும். ஒரு குருவி எழும்பினால் மொத்தக் கூட்டமும் எழும்புகிறது; ஏன் என்று விசாரித்துக்கொண்டு நின்றது பிழைத்திருக்காது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முதுகுப்புறம்வரை பார்க்க முடியும். இப்போது நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கண்களும் முன்னால் இருக்கும் ஒரு பெரிய விலங்கு, நேருக்கு நேர் உற்றுப் பார்த்தபடி, ஐந்து விரல்களை விரித்துக்கொண்டு மேலேயிருந்து கையை இறக்குகிறது. அதன் பிறகு "ஏன் பயப்படுகிறது, நான் நல்லவள்தானே" என்று வருத்தப்படுகிறது.

அதனால் முதல் வேலை, கையை மறந்துவிடுவது. கூண்டு வந்த முதல் சில நாட்களுக்குத் தண்ணீரும் தீனியும் மாற்றுவதைத் தவிர எதுவும் வேண்டாம். கூண்டை ஹாலில் வைக்கலாம், ஆனால் ஆள் நடக்கும் பாதையில் வைக்கக் கூடாது. ஒரு பக்கமாவது சுவர் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் திறந்திருந்தால் அதற்கு முதுகைச் சாய்க்க இடமில்லை. நம் நெஞ்சு உயரத்துக்கு இருந்தால் நல்லது, தரையில் வைத்தால் எல்லாமே மேலேயிருந்து வரும். சமையலறையில் வைக்கவே கூடாது. பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடப் பலமடங்கு நுட்பமானது. அடுப்பில் மறந்து வைத்த நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடானால் கிளம்பும் புகை, நமக்கு வாசனைகூடத் தெரியாத அளவிலேயே குருவியைக் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் வேறு அறைக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை மொட்டை மாடிக்கு மாற்றச் சொன்னபோது அம்மா என்னிடம் சில நாள் சரியாகப் பேசவில்லை.

பிறகு, பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். நாளிதழ் படிக்கலாம், வெங்காயம் உரிக்கலாம், தொலைபேசியில் நாத்தனாரிடம் பேசலாம். குருவியைப் பார்க்க வேண்டாம். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி அவ்வப்போது ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். பேசிக்கொண்டே இருப்பது நல்லது. கூட்டத்தில் மேயும்போது பட்ஜிகள் ஓயாமல் கலகலத்துக்கொண்டே இருக்கும். திடீரென்று சத்தம் அடங்கினால் ஏதோ ஆபத்து என்று பொருள். நிசப்தமான வீடு நமக்குத்தான் அமைதி, அதற்கு அது எச்சரிக்கை. எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வானொலியை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துதான் செய்கிறார்கள்.

இந்தக் காலகட்டம் பலருக்கும் அலுப்பாக இருக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த கட்டம், ஏனென்றால் குருவியின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்வது இப்போதுதான். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, ஒல்லியாகி நிற்கிறதா? பயம். இன்னும் ஓர் அடி கிட்டே போனால் பறக்கும். மூச்சு வேகமாகி வாயைத் திறந்திருக்கிறதா? எழுந்து போய்விடுங்கள். நம் ஏப்ரல், மே வெயிலிலும் வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். அது பயமல்ல, வெக்கை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல அறிகுறிகள் ஒவ்வொன்றாக வரும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தீனி தின்னும். ஒரு பக்கத்து இறக்கையையும் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். இறகு கோதும். ஒற்றைக் காலில் நின்று, உப்பிக்கொண்டு, அலகை அரைத்து 'கரகர' என்று ஒரு சத்தம் போடும். அது தூக்கத்துக்கு முந்தைய சத்தம். உங்கள் முன்னால் கண்ணை மூடத் துணிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பகலெல்லாம் உப்பிக்கொண்டு தூங்கி வழிந்தால், அல்லது மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால், அது நம்பிக்கையின் அடையாளமல்ல, நோய். பறவை மருத்துவம் தெரிந்தவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும். சிறு பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரிகிற நேரத்தில் ஏற்கெனவே தாமதமாகியிருக்கும்.

எந்தக் குருவியை வாங்குவது என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். இளம் குருவியாகப் பாருங்கள். அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் சதைவரை நெற்றியில் கோடுகள் இறங்கியிருந்தால் அது குஞ்சுப் பருவம். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ப்போடு அந்தக் கோடுகள் பின்வாங்கிவிடும். கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும், வளர்ந்ததும் கருமணியைச் சுற்றி வெளிறிய வளையம் வரும். அந்த மூக்குச் சதைதான் ஆண் பெண் சொல்லும் இடமும்: வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் பளிச்சென்ற நீலம், பெண்ணுக்கு வெளிறிய நிறம் அல்லது பழுப்பு. வெள்ளை, மஞ்சள் வகைகள் சிலவற்றில் இந்தக் கணக்கு செல்லாது. வயதான குருவியும் பழகும், நாள்தான் கூடுதலாகும். மொட்டை மாடியில் வைத்து வளர்ப்பவர்களிடம் நேரே போய் வாங்குவது நல்லது. குஞ்சிலிருந்தே மனித முகம் பார்த்து வளர்ந்திருக்கும், எத்தனை வாரக் குஞ்சு என்பதையும் அவர்களால் சரியாகச் சொல்ல முடியும்.

இனி கை. கை உள்ளே போகிற நாளில் அதில் தினைக்கதிர் இருக்க வேண்டும். உலகம் முழுக்கப் பட்ஜி பழக்குகிறவர்கள் கையில் வைத்திருக்கும் லஞ்சம் அதுதான். இங்கே அழகான பாக்கெட்டில், தினைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விலையில் விற்கிறார்கள். கொல்லிமலைப் பக்கம் போகும் நண்பர் எனக்குக் கதிராகவே கொண்டுவந்து தருகிறார். பரண் மேல் நின்று ஆலோலம் பாடித் தினைப்புனத்துக் கிளிகளை விரட்டிய வள்ளியின் வம்சத்தில் வந்துவிட்டு, தினையைக் காட்டிக் கிளியைக் கெஞ்சிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு அவ்வப்போது சிரிப்பு வரும்.

முதலில் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டுங்கள். பிறகு கதவைத் திறந்து, கதிரின் நுனி மட்டும் உள்ளே போகும்படி. கை பக்கவாட்டிலிருந்து, குருவியின் மார்பு மட்டத்துக்குக் கீழே வர வேண்டும், மேலிருந்து அல்ல. அது விலகினால் கையும் அங்கேயே நிற்க வேண்டும். இறகு ஒட்டிப்போனால் கை பின்வாங்க வேண்டும். இந்தப் பின்வாங்கலைத்தான் யாரும் செய்வதில்லை. பயந்தால் விட்டுவிடுவோம் என்றால் அது பயப்படவே கற்றுக்கொள்ளாதா என்று கேட்பார்கள். நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. தான் வேண்டாம் என்றால் இந்தக் கை போய்விடும் என்று தெரிந்த குருவி, வேண்டாம் என்று சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதால்தான் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பார்க்கிறது. ஒரு நாள் கதிரின் அடிப்பகுதியைத் தின்ன வேண்டும் என்றால் விரலில் ஒரு காலை வைத்தாக வேண்டும் என்ற நிலை வரும். வைக்கும். இரண்டாவது காலும் வரும். அந்தப் பாதங்கள் எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருக்கும்.

பசியோடு வைத்திருந்து பிறகு தீனி காட்டினால் சீக்கிரம் வரும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். முப்பது கிராம் உடம்புக்கு ஒரு நாள் பட்டினி என்பது விளையாட்டல்ல, செய்யாதீர்கள். வேண்டுமானால் தினைக்கதிரைக் கிண்ணத்தில் போடாமல் கையிலிருந்து மட்டும் கொடுங்கள், மற்ற தீனி எப்போதும் போல இருக்கட்டும். அந்த மற்ற தீனியும் வெறும் விதையாக இருந்தால் குருவி கொழுத்துப் போகும். கொத்தமல்லி, முருங்கைக் கீரை, துருவிய கேரட், கால்சியத்துக்கு ஒரு கடல்நுரை (கணவாய் மீனின் வெள்ளை ஓடு) ஆகியவை கூடவே வேண்டும். அவகாடோவும் சாக்லேட்டும் விஷம்.

கடிப்பதைப் பற்றி. பட்ஜி அலகால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும். விரல்மீது ஏறுவதற்கு முன் அது உறுதியான கிளைதானா என்று அலகால் பிடித்துப் பார்ப்பதைக் கடி என்று எண்ணிக் கையை உதறாதீர்கள். உண்மையான கடி என்பது, முன்பே சொன்ன எல்லா அறிகுறிகளையும் நாம் கவனிக்காமல் விட்ட பிறகு வரும் கடைசிச் சொல். அதனால்தான் இறகு வெட்டுவதை நான் எதிர்க்கிறேன். வாங்கும்போதே "இறகை வெட்டித் தரட்டுமா, பறக்காது, சீக்கிரம் பழகும்" என்று கேட்கிறார்கள். பறந்து விலகுவதுதான் அதன் நாகரிகமான மறுப்பு. அதைப் பறித்துவிட்டால் மிச்சம் இருப்பது கடி ஒன்றுதான், அதுவும் பலிக்காவிட்டால் கடை வித்தையில் பார்த்த விறைப்பு.

ஒன்றா, இரண்டா என்ற சண்டை வளர்ப்பவர்களிடையே முடிவில்லாமல் நடக்கிறது. ஒற்றையாக வைத்தால்தான் மனிதரோடு ஒட்டும் என்பது ஒரு கட்சி. அது பொய்யல்ல. தனியாக இருக்கும் கூட்டத்துப் பறவை, வேறு யாரும் கிடைக்காததால் நம்மையே கூட்டமாக எடுத்துக்கொள்கிறது. காலை ஒன்பதுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு மாலை ஏழுக்கு வருகிறவர் அந்தக் கூட்டத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறார்? கண்ணாடியும் பிளாஸ்டிக் குருவியும் வைத்துச் சமாளிக்கிறார்கள். தனிக் குருவி கண்ணாடிக்குள் இருப்பதற்குத் தீனி கக்கி ஊட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கும் அந்தக் கண்ணாடியை எடுத்துவிடத் தோன்றும். நான் இரண்டாகத்தான் வளர்க்கிறேன். முதலில் பட்டாணி என்ற பச்சைக் குருவி வந்தது. அது கைக்குப் பழகிய பிறகு சுண்டல் என்ற மஞ்சள் பெண் குருவி. இரண்டாவதை ஒரு மாதமாவது வேறு அறையில் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு நடப்பது நமக்கு லாபம்: பட்டாணி என் கையில் உட்கார்ந்து தின்பதைச் சுண்டல் எதிர்க் குச்சியில் இருந்து கவனித்தது. அதற்கு நான் எதையும் சொல்லித்தரவில்லை.

இவை ஒன்றையொன்று எவ்வளவு கூர்ந்து பார்க்கின்றன என்பதற்கு ஆய்வுகளே உண்டு. ஒரு பட்ஜி கொட்டாவி விட்டால் பக்கத்துப் பட்ஜிக்கும் தொற்றுகிறது என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2019-இல் இன்னொன்று: பெண் குருவி முதலில் ஒதுக்கிய ஆண், தீனிப் பெட்டியைத் திறக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து அவள் கண்ணெதிரே திறந்து காட்டியதும், அவள் விருப்பம் அவன் பக்கம் திரும்பியது. புதிதாக ஒன்றாய் வைக்கப்பட்ட பட்ஜிகள் சில வாரங்களில் தங்கள் அழைப்பு ஒலியை ஒன்றுபோல மாற்றிக்கொள்கின்றன என்பதும் பதிவானதுதான். இப்படிப்பட்ட உயிர் நம்மை எவ்வளவு நேரம் ஆராய்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

ஜோடி வாங்கினால் கடைக்காரர் ஒரு மண்பானையையும் சேர்த்துத் தருவார். குஞ்சு வேண்டாம் என்றால் அந்தப் பானையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பானை உள்ளே போன நிமிடம் பெண் குருவிக்கு அது காக்க வேண்டிய வீடாகிவிடும். அதுவரை சாதாரணமாக இருந்தது உங்கள் கையைப் படையெடுப்பாக எடுத்துக்கொள்ளும். "ஆண் நன்றாகப் பழகுகிறது, பெண் மட்டும் பிசாசாக இருக்கிறது" என்று என்னிடம் புலம்பியவர்களின் வீடுகளில் பெரும்பாலும் கூண்டில் பானை தொங்கிக்கொண்டிருந்தது.

சுண்டல் இதுவரை விரலில் ஏறியதில்லை. தோளில் வந்து உட்காரும், நாளிதழைக் கிழிக்கும், என் கண்ணாடிச் சட்டத்தைக் கொறிக்கும், தட்டில் இருக்கும் கொத்தமல்லியை என் எதிரிலேயே திருடும். விரலை நீட்டினால் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நடந்து போய்விடும். பயமல்ல, இறகு ஒட்டவில்லை, ஓட்டமில்லை. அதற்கு விருப்பமில்லை, அவ்வளவே. வீட்டுக்கு வருகிறவர்கள் "இது இன்னும் பழகவில்லையா" என்கிறார்கள். என் கணக்கில் இது பட்டாணியைவிட நன்றாகப் பழகிய குருவி.

தம்பி மகனுக்கு இப்போது ஆசை வந்திருக்கிறது. "அத்தை, பேசுமா?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. ஆண் குருவிதான் அதிகம் பேசும், வேகமாக, கரகரத்த குரலில், காது கொடுத்தால்தான் புரியும் என்றேன். கலிபோர்னியாவில் இருந்த பக் என்ற பட்ஜி 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகக் கின்னஸ் பதிவு உண்டு என்று சொன்னதும் அவன் கண் விரிந்தது. பட்டாணிக்குத் தெரிந்தது "யாரது" ஒன்றுதான் என்பதை அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கூண்டு எந்தக் கடையில், நீலமா மஞ்சளா என்று போய்விட்டான். ஓடும் மின்விசிறி இருக்கும் அறையில் குருவியை வெளியே விட முடியாது, அது முதல் நாளே அடிபட்டுச் செத்துவிடும், குருவி வெளியே இருக்கும் நேரமெல்லாம் மே மாதத்திலும் விசிறியை நிறுத்தியாக வேண்டும், ஜன்னலுக்கெல்லாம் வலை வேண்டும், உன் அப்பா சம்மதிப்பாரா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றான். தம்பியிடமிருந்து எனக்குத்தான் தொலைபேசி வந்தது: "அக்கா, குருவிக்கு ஏசி ஒத்துக்கொள்ளுமா?" காற்று நேரே கூண்டில் படாத இடமாகப் பார்த்து வை, ஒத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறேன்.